கையைப் பற்றி இழுப்பது காதலா?



புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் நம் பிள்ளைகள் பலர் இன்று கொரியத் தொலைக்காட்சித் தொடர்களை விரும்பிப் பார்க்கின்றனர். அவற்றில் வரும் அடிதடியையும் குருதியையும் கண்டு பெற்றோர் அஞ்சுகின்றனர். நாம் அஞ்ச வேண்டியது வேறொன்று என்பது என் கருத்து.

2022 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய 'தி குளோரி' தொடரில், பள்ளி மாணவி ஒருத்தியைச் சக மாணவர்கள் தலைமுடி சுருட்டும் சூடான கருவியால் சுடுகின்றனர். 2021இல் வெளிவந்த 'டி.பி.' தொடர், கட்டாய இராணுவ சேவையில் இளம் வீரர்களை மூத்தோர் வதைப்பதைக் காட்டுகிறது. இவற்றைப் பார்க்கும் பிள்ளைகள் கொடுமையைக் கொடுமை என்றே அறிந்துகொள்கின்றனர். கதையே அதனைக் குற்றம் என்று சொல்லிவிடுகிறது.

'பாய்ஸ் ஓவர் பிளவர்ஸ்' (2009) வேறு வகையானது. செல்வக் குடும்பத்து வாரிசான கூ ஜுன்-பியோவின் குழுவினர் சிவப்பு அட்டை கொடுத்தால், அதைப் பெற்ற மாணவரைப் பள்ளியே சேர்ந்து வதைக்கும். அவ்வாறு வதைக்கப்பட்ட கும் ஜான்-டியையே பின்னர் அவன் காதலிக்கிறான். அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்துச் செல்கிறான். அதையும் காதலின் அடையாளமாகவே தொடர் காட்டுகிறது.

எங்கள் வீட்டில் இத்தொடரைப் பார்த்தபோது மகன், "அவனுக்கு அவள்மேல் அவ்வளவு அன்பு" என்றான். மகளோ, "வருகிறாயா என்று அவளிடம் கேட்கவே இல்லையே, அப்பா" என்றாள். எனக்கோ, விரும்பாத பெண்ணை விடாது பின்தொடரும் நாயகனுக்குத் திரையரங்கில் கைதட்டிய என் கல்லூரி நாட்கள் நினைவுக்கு வந்தன. மகனைக் கண்டிக்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை. அதை அவனிடமே சொன்னேன்.

பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தண்டிக்கும் தனிச்சட்டம் தென்கொரியாவில் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தொடர்களிலும் வேறு வகை ஆண்களைக் காண்கிறோம். 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' (2019-20) தொடரின் நாயகன் வடகொரிய இராணுவ அதிகாரி. துப்பாக்கி ஏந்தும் அதே கைகளால், தன் வீட்டில் அடைக்கலம் புகுந்த பெண்ணுக்கு உணவு சமைக்கிறான். காப்பிக்கொட்டை வறுத்துக் கொடுக்கிறான். அதனால் அவன் ஆண்மை குறைந்ததாக எந்தப் பிள்ளையும் எண்ணுவதில்லை.

பெற்றோரே, தடை விதித்தால் அவர்கள் அறைக்குள் கைபேசியில் பார்ப்பர். ஒரு பகுதியையேனும் உடனமர்ந்து பாருங்கள். "பின்னணி இசை இல்லாவிட்டால் இக்காட்சி எப்படித் தோன்றும்?" என்று கேளுங்கள். இளையோரே, எங்கள் காலத் தமிழ்ப் படங்களைக் குறித்து அதே கேள்வியை எங்களிடம் கேளுங்கள். மறுமொழி சொல்ல நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.