சமையலறைக்கு மிஞ்சிய வர்ணம்

பண்டிகை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் வர்ணம் பூசும் பேச்சு எழும். அப்பா கடைக்குப் புறப்படுவார். பெயிண்டரும் உடன் செல்வார். விரல் அகலக் கட்டங்கள் நிறைந்த வர்ண அட்டையைப் புரட்டி, ஐந்து நிமிடத்தில் முடிவு செய்து திரும்புவார்கள். விலை உயர்ந்த வர்ணம் முன்கூடத்திற்கு. வாளியில் மிஞ்சியது சமையலறைக்கு! எங்கள் வீட்டில், கூடத்தின் ஒரு சுவருக்கு வாங்கிய கரும்பச்சை அப்படித்தான் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. ஒற்றைச் சன்னல் உள்ள அறை அது. பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அம்மா கீரை ஆய்வார்கள். நாளெல்லாம் அங்கே நிற்பவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

லூயிஸ் பராகான் (1902-1988) என்பவரைப் பற்றிப் படித்தபோது அந்த அறைதான் என் கண்முன் வந்தது. மெக்சிகோ நாட்டுக் கட்டடக் கலைஞரான இவர், இளஞ்சிவப்பு, மஞ்சள், ஊதா போன்ற அழுத்தமான நிறங்களை வீடுகளில் துணிந்து கையாண்டவர். 1980-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். மெக்சிகோ நகரில் 1948-இல் தமக்கென அவர் கட்டிய இல்லம், 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.

பரிசைவிட அவர் நிறம் தேர்ந்த முறைதான் என்னைக் கவர்ந்தது. சுவர் எழும்பும்வரை நிறத்தை அவர் முடிவு செய்வதில்லை. எழும்பிய பின், பகலின் வெவ்வேறு வேளைகளில் அங்கே சென்று பார்ப்பார். பெரிய அட்டைகளில் வர்ணம் பூசச் சொல்லி, சுவரில் வைத்து, நாள்கணக்கில் பார்த்துப் பார்த்து மாற்றுவார். இதில் காரணம் இருக்கிறது. சிறு கட்டத்தில் மென்மையாகத் தெரியும் நிறம், நான்கு சுவர்களில் ஏறியதும் ஒன்றில் ஒன்று பட்டுத் தெறித்து அழுத்தமாகிவிடும். காலை வெயிலில் குளிர்ச்சியாக இருப்பது, இரவு விளக்கில் சோகையாகத் தோன்றும். கடை வெளிச்சத்தில் நம் வீட்டு வெளிச்சம் எப்படித் தெரியும்?

நம் அருட்சகோதரிகளுக்குப் பிடிக்கக்கூடிய செய்தி ஒன்று: டிலால்பானில் கப்புச்சின் கன்னியர்களுக்காகவும் அவர் ஒரு சிற்றாலயம் அமைத்தார். அங்கே மஞ்சள் கண்ணாடி வழியே வரும் வெயில்தான் பாதி வர்ணம்.

பராகானுக்குச் செல்வந்தர்கள் வேலை கொடுத்தார்கள். நமக்கு ஏது அவ்வளவு நேரமும் பணமும் என்று பெற்றோர் கேட்கலாம். கிழிந்த அட்டைப்பெட்டிக்கு என்ன விலை? சுண்ணாம்பில் எவ்வளவு நீலம் கலந்தால் சுவர் பழுப்புத் தட்டாமல் பளிச்சிடும் என்பதை நம் பாட்டிமார் பூசிப் பார்த்துத்தானே கண்டார்கள்! அதற்காக அவருடைய இளஞ்சிவப்பை அப்படியே இங்கே கொண்டுவந்து பூசச் சொல்லவில்லை. அது அந்நாட்டு வெயிலுக்கும் காகிதப்பூவுக்கும் பொருந்திய நிறம். நம் மேற்குச் சுவரில் மாலை வெயில் விழும்போது அதைப் பார்க்கவே கண் கூசும்.

இம்முறை எங்கள் சமையலறையில் இரண்டு அட்டைகளைச் சாய்த்து வைத்தேன். ஒன்று வெண்ணெய் நிறம், மற்றது இளநீலம். காலையில் அம்மாவுக்கு நீலம் பிடித்தது. மாலையில் வேண்டாம் என்றார்கள். மூன்றாம் நாள் அப்பா பொறுமையிழந்து, "பெயிண்டர் காத்திருக்கிறான், ஏதாவது ஒன்றைச் சொல்" என்றார்.

"இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும்" என்றார்கள் அம்மா.