கருவி வாங்கும் முன் கணக்கெடுங்கள்

எமது வண்ணாத்திவில்லுப் பகுதியிலும் சிறு கடைக்காரர்கள்கூட பில் போடவும் கடன் கணக்கு வைக்கவும் கையடக்கத் தொலைபேசியையும் சிறிய பில் மெஷினையும் நாடத் தொடங்கிவிட்டார்கள். நல்ல விடயம்தான். ஆனால் பலரும் கேட்கும் முதல் கேள்வி 'விலை என்ன?', அடுத்தது 'எத்தனை ஜீபி?'. விற்பவரிடம் கேட்பதற்கு முன் எமது கடையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு என்பதே எனது கருத்து.

ஒரு கிழமைக்குக் கொப்பி ஒன்றில் எழுதி வாருங்கள். ஒரு நாளில் எத்தனை பில் என்பதைவிட, மிக நெரிசலான ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பில் என்பதே முக்கியம். பெருநாளைக்கு முந்திய இரவு ஒரு மணித்தியாலத்தில் 60 பேர் வந்தால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். ஒரு பில்லுக்கு இரண்டு நிமிடம் எடுக்கும் மெஷின் 30 பேரைத்தான் அனுப்பும். மற்றவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

அடுத்து, கெட்ட நாளையும் நினையுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். எமது தொலைபேசியில் சார்ஜ் இருந்தாலும், கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாவிட்டால் சிக்னல் இருக்காது. பெற்றரி எவ்வளவு நேரம் தாங்கும், இணையம் இல்லாமலும் பில் போடுமா, இணைப்பு வந்ததும் கணக்கைத் தானாகச் சேர்க்குமா என்று பாருங்கள். களப்புக் கரையில் மீன் வாங்குபவருக்கு வெயிலில் திரை தெரிய வேண்டும், ஈரக் கைக்கும் வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவது, வளர்ச்சி. இன்று கடை ஒன்று, காசாளர் ஒருவர். நாளை புத்தளத்தில் இரண்டாவது கடை திறந்தால்? இலவச வாட்ஸ்அப் பிஸ்னஸில் ஒரு தொலைபேசியுடன் நான்கு சாதனங்களைத்தான் இணைக்கலாம். ஐந்தாவது ஊழியர் வந்ததும் வேறு வழி தேட வேண்டும். வரியும் அப்படித்தான். பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 இலிருந்து 12 வீதமாகவும், செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. வியாபாரம் பெருத்து அந்த வரிக்குப் பதிவு செய்யும் நாளில், வீதத்தை நாமே மாற்ற முடியாத மெஷின் என்றால் ஒவ்வொரு முறையும் கம்பனி ஆள் வரும்வரை காத்திருக்க நேரிடும்.

இவற்றை ஒரு தாளில் எழுதி விற்பவர் முன் வையுங்கள். அவர் காட்டும் மாதிரியில் பத்துச் சாமான்தான் இருக்கும், அதனால் வேகமாகவே ஓடும். உங்கள் முழுச் சாமான் பட்டியலையும் ஏற்றி, இணையத்தை நிறுத்தி, தொடர்ந்து 60 பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பின்னர் வேறு மெஷினுக்கு மாறினால் கடன் கணக்கு முழுவதையும் எடுத்துச் செல்லலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடன் கொப்பி இதுவரை எமது லாச்சியில் இருந்தது. மெஷினுக்கு மாறிய பிறகும் அது எமக்கே சொந்தமாக இருக்க வேண்டும்.