புது ஜன்னல் மோகம்

சென்னையிலும் மற்றப் பெரிய நகரங்களிலும் பழைய வீடுகளின் ஜன்னல்களைப் பெயர்த்து எறிந்துவிட்டு, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஜன்னல்கள் என்ற பெயரால் புதியவற்றைப் பொருத்தும் வழக்கம் பரவி வருகிறது. இரட்டைக் கண்ணாடி என்கிறார்கள். காற்றுப் புகாத சட்டம் என்கிறார்கள். விளம்பரங்களைப் படித்தால், ஒரு குடும்பம் இதுகாறும் செலுத்திய மின்சாரக் கட்டணமெல்லாம் பழைய தேக்கு ஜன்னலின் சந்து வழியாகவே ஓடிப்போயிற்று என்று எண்ணத் தோன்றும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதில் நமக்கு எள்ளளவும் ஆட்சேபமில்லை. தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 2024-ஆம் ஆண்டுக் கோடையில் 20,000 மெகாவாட்டைக் கடந்தது, அதில் ஏ.ஸி. இயந்திரங்களின் பங்கு சிறிதன்று. ஆனால் எந்த ஜன்னல் எந்தச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது என்பதை விசாரியாமல் பணத்தைக் கொட்டுவதை மிச்சம் என்று நாம் ஒப்புக்கொள்ள இயலாது.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் குளிர் தேசங்களில் தோன்றிய சாதனம். இரண்டு கண்ணாடிகளுக்கிடையே காற்றோ ஆர்கான் வாயுவோ அடைபட்டிருப்பதால், வீட்டுக்குள் மூட்டிய அனல் வெளியே எளிதில் கசிவதில்லை. வெளியில் உறைபனியும் உள்ளே 20 டிகிரி உஷ்ணமும் உள்ள வீட்டில், இரவும் பகலும், மாதக்கணக்கில் அந்த ஜன்னல் தன் விலைக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் 2002-ஆம் ஆண்டு முதல், பழைய ஜன்னலை மாற்றுவோரும் உஷ்ணக் காப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அவர்கள் நாட்டுக்கு அது முற்றிலும் தகும். அவர்களுடைய கவலை உஷ்ணம் வெளியே போய்விடுகிறதே என்பது. நம்முடைய கவலையோ வெயில் உள்ளே வந்துவிடுகிறதே என்பது. இரண்டும் ஒன்றெனக் கொள்வதில்தான் பிழை பிறக்கிறது.

இதனைக் கணக்காகவே பார்ப்போம். நேயர்கள் சற்றுப் பொறுமை கொள்ள வேண்டும். ஒற்றைக் கண்ணாடி வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், சதுர மீட்டருக்குச் சுமார் 5.8 வாட் உஷ்ணம் கடக்கிறது. சாதாரண இரட்டைக் கண்ணாடியானால் சுமார் 2.8 வாட். மே மாதத்துப் பிற்பகலில் வெளியே 38 டிகிரியும், ஏ.ஸி. ஓடும் அறைக்குள்ளே 26 டிகிரியும் இருப்பதாகக் கொண்டால், வித்தியாசம் 12 டிகிரி. ஒற்றைக் கண்ணாடியில் 70 வாட். இரட்டைக் கண்ணாடியில் 34 வாட். மிச்சம் 36 வாட். இதுவரை வியாபாரி சொல்வது மெய்.

அவர் சொல்லாமல் விடுவது வேறொன்று உண்டு. அதே பிற்பகலில் மேற்குப் பார்த்த ஜன்னலின் மேல் நேர்வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் வீதம் விழுவதாக வைத்துக்கொள்வோம். சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், அதாவது 500 வாட் அளவு, உள்ளே விட்டுவிடும். அதே கண்ணாடியை இரண்டாக அடுக்கினாலும் 450 வாட் அளவு உள்ளே வரும். இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மேற்கு ஜன்னல் வழியே வெயில் மட்டும் கொண்டுவரும் உஷ்ணம், ஒரு டன் ஏ.ஸி. இயந்திரத்தின் சக்தியில் நாலில் ஒரு பங்கை விழுங்கிவிடும். 36 வாட்டைப் பிடிக்க ஆளை அனுப்பிவிட்டு, 450 வாட் வரும் வாசலைத் திறந்து வைப்பது என்ன சிக்கனம்?

உட்புறத்தில் கனத்த திரை தொங்கவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவு உதவும், போதாது. வெயில் கண்ணாடியைக் கடந்து திரையின் மேல் விழுந்தவுடன் உஷ்ணமாக மாறுகிறது, அந்த உஷ்ணக் கதிர் வந்த வழியே கண்ணாடியூடே திரும்ப மாட்டாது, அறைக்குள்ளேயே சுற்றுகிறது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தியாக வேண்டும். ஒரு மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவதற்கும் உள்ளே தொங்கவிடுவதற்கும் உள்ள பேதம் இதுதான். தட்டி ஒன்றே, இடம் மாறினால் பலன் மாறுகிறது.

எந்தத் திசை ஜன்னலுக்கு எந்த மறைப்பு என்பதும் யோசிக்கத்தக்கது. சென்னையில் ஏப்ரல் மாதக் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மாத நடுப்பகுதியைத் தாண்டியும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறான். இடைப்பட்ட நாட்களில் நண்பகல் வெயில் சற்று வடக்கே சாய்ந்து விழுகிறது. ஆகையால் கடுங்கோடையில் தெற்கு ஜன்னலுக்கு நேர்வெயில் பயமே இல்லை. ஒரு சாதாரண சன்ஷேடு அதற்குப் போதும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்ந்து, கிடையாகப் பாய்வதால், தலைக்கு மேல் நீட்டிய சன்ஷேடு அதைத் தடுக்காது. அங்கே தட்டியோ, வெளிக்கதவோ, பக்கவாட்டுச் சுவரோ, ஒரு வேப்பமரமோதான் காக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளில், சாய்ந்த பலகைகளை அடுக்கிச் செய்த மர ஜன்னல் கதவுகளை இன்றும் காணலாம். வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும் உபாயம் அது. குளிர் தேசத்திலிருந்து வந்தவர்களே இங்கு வந்தபின் இதைக் கைக்கொண்டார்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லும்போதுதான் நமது ஆட்சேபம் மிகவும் வலுக்கிறது. பழைய ஜன்னல்களில் மேலே இரண்டு கதவுகளும் கீழே இரண்டு கதவுகளும் உண்டு. தெருவின் பார்வை படாமல் கீழ்க் கதவைச் சாத்திக்கொண்டு மேல் கதவைத் திறந்துவிடலாம். நான்கையும் திறந்தால் ஜன்னலின் முழுப்பரப்பும் திறக்கும். இன்று அவற்றைக் கழற்றிவிட்டு வைக்கப்படும் ஸ்லைடிங் ஜன்னலோ, ஒரு கதவு மற்றொன்றின் மேல் நகர்வதால், எவ்வளவு பெரியதாயினும் பாதிதான் திறக்கும். கோடைப் பிற்பகல்களில் சென்னைவாசிகள் காத்திருக்கும் கடற்காற்று பாதி வாசலில் நின்று திரும்பிவிடுகிறது. முன்பு மின்விசிறியோடு உறங்கிய அறை, ஜன்னல் மாறியபின் ஏ.ஸி. இன்றி உறங்க முடியாத அறையாகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த ஜன்னல் மின்சாரச் செலவுக்கு அடிகோலும் விந்தையை என்னென்பது!

இது நமது கற்பனையன்று. மத்திய ஸர்க்காரின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் ஸம்ஹிதா’ என்னும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, சென்னையைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களில், வெளிப்புறம் நோக்கித் திறக்கும் ஜன்னல், கதவு, வென்டிலேட்டர் ஆகியவற்றின் திறக்கக்கூடிய பரப்பு, வீட்டின் தரைப்பரப்பில் 16.66 சதவீதத்துக்கு, அதாவது ஆறில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்கிறது. 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி. திறக்கக்கூடிய பரப்பு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியின் பரப்பைச் சொல்லவில்லை. அதே தொகுப்பு, வெளிச்சுவர், ஜன்னல் முதலியவற்றின் வழியாக உட்புகும் உஷ்ணம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டலாகாது என்றும் எல்லை வகுத்திருக்கிறது. அவ்வெல்லைக்குள் நிற்கும் வழிகளில் ஜன்னலுக்கு வெளியே நிழல் செய்வதும் கணக்கில் சேர்கிறது. விதி எழுதினவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வீடு கட்டுவோரும் ஜன்னல் விற்போரும் அதைப் படித்தார்களா என்பதே கேள்வி.

பழையது என்ற காரணத்தாலேயே எதையும் போற்றுவோரல்லோம். கறையான் அரித்த நிலையை எவரும் காப்பாற்ற முடியாது. மழையில் ஊறி ஊறி முறுக்கிக்கொண்டு, விரலளவு சந்து விட்டு நிற்கும் கதவுள்ள அறையில் ஏ.ஸி. வைப்பது தெருவைக் குளிர்விப்பதாகவே முடியும். ஆனால் அந்தச் சந்துக்கு மருந்து பெரும்பாலும் ஒரு நல்ல தச்சரிடமே இருக்கிறது. கதவை இழைத்துச் சீர்செய்து, கீலை மாற்றி, விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினால் அநேகமாய்த் தீர்ந்துவிடும். அதைச் செய்து பாராமல், நல்ல தேக்குச் சட்டத்தைப் பழைய மரக்கடைக்கு அனுப்பிவிட்டு அலுமினியத்தை வாங்கி வைப்பது எவ்வகையிலும் நியாயமன்று. மரத்தைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் உஷ்ணத்தைக் கடத்தும் உலோகம் அது. உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் பிரிக்கும் தடுப்பு வைக்காத அலுமினியச் சட்டத்தில் விலையுயர்ந்த கண்ணாடியைப் பொருத்துவது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி செய்வதை ஒக்கும்.

கொசுவை மறந்துவிட்டுக் காற்றைப் பற்றி எழுதினால் நமது தலையங்கம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும். மாலை ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்துவது நம் வீடுகளில் வெயிலுக்கு அஞ்சியல்ல. கொசுவலைச் சட்டம் காற்றை ஓரளவு குறைக்கும் என்பது உண்மை. ஆயினும் வலையிட்டு முழுதும் திறந்த ஜன்னல், வலையின்றிச் சாத்திய ஜன்னலைவிட எத்தனையோ மேல். பழைய ஜன்னலுக்குச் செலவிட எண்ணுவோர் முதற்காசை வலைக்கும், அடுத்ததை வெளித்தட்டிக்கும் செலவிடுவார்களாக.

இவ்வளவும் செய்த பின்னும் புதுக் கண்ணாடி தேவைப்படும் இடங்கள் உண்டு. உயரமான அடுக்குமாடியில் தட்டி கட்ட இடமில்லாத மேற்கு அறை, தெருவிரைச்சலும் புகையும் தாங்காமல் எப்போதும் அடைத்தே வைக்க வேண்டிய அறை, நாள் முழுதும் ஏ.ஸி. ஓடியே தீரவேண்டிய நோயாளியின் அறை ஆகியவை அத்தகையன. அங்கே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை கண்ணாடி என்பதன்று. விழும் வெயிலில் எத்தனை பங்கை இது உள்ளே விடும் என்பதே. அந்தப் பங்கை எஸ்.எச்.ஜி.ஸி. என்ற எண்ணால் குறிக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடிக்கு அது 0.8-க்கு மேல். வெயிலைத் தடுப்பதற்கென்றே மெல்லிய உலோகப் பூச்சு இட்ட நல்ல கண்ணாடிக்கு 0.3-க்கும் கீழே இறங்கும். லோ-இ என்ற பெயரை மட்டும் நம்பி ஏமாறலாகாது. குளிர் தேசத்தாருக்காக, வெயிலை உள்ளே விட்டு அனலை மட்டும் காக்கும்படி செய்த லோ-இ கண்ணாடியும் உலகில் உண்டு. எண்ணைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். கூடவே, வெளிச்சம் எவ்வளவு குறையும் என்றும் கேளுங்கள். பட்டப்பகலில் விளக்கேற்றி உட்காருவதற்காக எவரும் ஜன்னல் வைப்பதில்லை.

சொந்த வீட்டுக்காரன் இவ்வாறு கேட்டு வாங்கலாம். வாடகைக்குக் குடியிருப்பவன் யாரைக் கேட்பான்? ஜன்னலைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். கட்டணம் கட்டுபவர் வேறொருவர். கட்டுபவருக்கு மலிவான ஸ்லைடிங் ஜன்னல் ஒரு தடவை லாபம். குடியிருப்பவருக்கு அது முப்பது கோடைகளின் நஷ்டம். வீட்டுக்காரரிடம் ஒரு தட்டி கட்ட ஆணி அடிக்கவும் அனுமதி பெற வேண்டிய நிலையில் இருக்கிறார்கள் நம் நகரத்துக் குடித்தனக்காரர்கள். இதைவிடக் கடுமையானது, ஏ.ஸி.யைக் கனவிலும் கருதாத ஏழைகளின் நிலை. ஸர்க்கார் செலவில் அவர்களுக்கு எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஜன்னலைத் தவிர அவர்களுக்கு வேறு குளிர்சாதனம் கிடையாது. எதிரெதிரே திறக்கும் இரண்டு ஜன்னல்கள் ஓர் அறைக்கு இருக்கின்றனவா, மேற்குச் சுவருக்கு நிழல் உண்டா என்பவற்றின் மேல்தான் மே மாதத்து இரவில் ஒரு குழந்தை தூங்குவதும் தூங்காததும் நிற்கிறது.

2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல், நட்சத்திரக் குறியிட்ட ஏ.ஸி. இயந்திரங்கள் 24 டிகிரியில்தான் ஓடத் துவங்க வேண்டும் என்று ஸர்க்கார் விதித்தது. இயந்திரம் எத்தனை மின்சாரம் உண்ணும் என்பது அதன் முகத்திலேயே ஒட்டியிருக்கிறது. வீடு பார்க்கச் செல்பவன் ஜன்னலின் முகத்தில் அப்படி ஒன்றைக் காண்பது அரிது. 2022-ஆம் ஆண்டு எரிசக்திப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் குடியிருப்புக் கட்டடங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆனால் அது 100 கிலோவாட் இணைப்புச் சுமை உள்ள பெருங்கட்டடங்களிலிருந்தே தொடங்குகிறது. தனி வீடும் நான்கு குடித்தன வீடும் அந்த அளவை எட்டா.

இதற்குப் பெரிய ஏற்பாடொன்றும் வேண்டியதில்லை. வீட்டு மனை வியாபார ஒழுங்குமுறைக்கென 2016-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், சுவருக்குள் உள்ள தரைப்பரப்பு எவ்வளவு என்பதை வெளிப்படையாகக் கூறும்படி கட்டுவோரைக் கட்டாயப்படுத்திற்று. அதற்கு முன் சதுர அடிக் கணக்கில் ஏமாந்தவர்கள் எத்தனை பேர் என்பதை நேயர்கள் அறிவர். அதேபோல, ஜன்னல்களின் திறக்கக்கூடிய பரப்பு இவ்வளவு, கண்ணாடி உள்ளே விடும் வெயிலின் பங்கு இவ்வளவு, கிழக்கு மேற்கு ஜன்னல்களுக்கு வெளிமறைப்பு உண்டா இல்லையா என்ற மூன்றையும் விற்பனை ஒப்பந்தத்திலும் வாடகை ஒப்பந்தத்திலும் எழுதும்படி ராஜ்ய ஸர்க்கார் விதிக்கட்டும். தன் சொந்தச் செலவில் கட்டும் ஏழைக் குடியிருப்புகளுக்கு ஆறில் ஒரு பங்கு விதியை முதலில் தானே அனுசரித்துக் காட்டட்டும். 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் மறுபடி திருத்தத்துக்கு வரும்போது இதை எழுப்ப வேண்டியவர்கள் சட்டசபை அங்கத்தினர்கள். அவர்களிடம் இப்போதே மனுக்களைச் சேர்ப்பிக்க வேண்டியவர்கள் பேட்டைதோறும் உள்ள குடியிருப்போர் சங்கத்தார்.