பேர் மறந்த விளையாட்டு

பேர் மறந்துபோன பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைத் தேடுகிறவர்கள் எல்லோரும் படத்தைத்தான் வர்ணிக்கிறார்கள். "மணலா இருக்கும்டா, டாங்க் வரும், சண்டை போடணும்!" இதை வைத்து என்னத்தைக் கண்டுபிடிப்பது? படத்தை விடுங்கள், விதியைக் கேளுங்கள் என்பதே என் கட்சி. நேம் பிளேட் போன மோட்டாரை பெயின்ட் நிறம் பார்த்தா சொல்கிறோம்? ஓம் அளந்து, ஆர்.பி.எம். பார்த்துத்தானே!

என் பெரியப்பா மகன் தேடியதும் அந்த மணல் விளையாட்டைத்தான். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்றான் ஹாஸ்டலில் ஒருவன். (1997-ல் வந்தது; அதில் டாங்க் ஏது சாமி?) 'கமாண்ட் அண்ட் காங்கர்', 1995 என்றான் இன்னொருவன். நான் கேட்டது ஒன்றே: "மவுஸை இழுத்துக் கட்டம் போட்டு நாலு டாங்கைச் சேர்த்துப் பிடிக்கலாமாண்ணே?"

"அதெல்லாம் கிடையாதுடா, ஒவ்வொண்ணாத்தான் அனுப்பணும். முதல்ல கான்கிரீட் போடாம கட்டுனா கட்டடம் அரைகுறையா நிக்கும். அள்ளுற வண்டியைப் புழு முழுங்கிடும்!"

போதும்! வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் உருவாக்கி 1992-ல் வெளிவந்த 'டூன் 2'.

டாஸில் கோப்புப் பேருக்கு எட்டே எழுத்து. பிளாப்பியில் கைமாறிய விளையாட்டுக்கு முழுப்பேர் எப்படி நிலைக்கும்? 1994-ன் 'வார்கிராஃப்ட்' இதன் வழியில் வந்ததுதான். வழி போட்டவனை விட்டுவிட்டு, பின்னால் வந்தவனுக்கே மாலை போடுகிறோமே, அதுதான் எனக்கு ஆத்திரம்!

உங்களிடமும் பேர் தெரியாத விளையாட்டு உண்டா? எதை அள்ளினீர்கள், ஒரே சமயத்தில் எத்தனை பேரை நகர்த்தினீர்கள், எதனால் தோற்றீர்கள்... இந்த மூன்றோடு வாருங்கள், மெஸ் வரிசையில் பேசுவோம்.