சீனத்து மூலிகைத் தேநீரும் பழமையின் யோக்கியதையும்

சீனாவின் தெற்கிலுள்ள குவாங்டோங் மாகாணத்திலும், ஹாங்காங், மக்காவ் நகரங்களிலும் "லியாங் சா" என்று ஒரு பானம் விற்கப்படுகிறது. அதற்குக் "குளிர்ச்சித் தேநீர்" என்பது பொருள். பெயர்தான் தேநீரே ஒழிய, பெரும்பாலும் அதில் தேயிலை ஒன்றுகூடக் கிடையாது. இலை, பூ, வேர், பட்டை முதலியவைகளைக் காய்ச்சி இறுத்த கஷாயந்தான் அது. "இருபத்துநான்கு சுவை" என்று ஒரு வகை உண்டு. அதில் விழும் சரக்குகளின் எண்ணிக்கையோ கடைக்குக் கடை மாறும்.

சீனன் குடிக்கும் கஷாயத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். தன் முதுகு தனக்குத் தெரியாது. பிறன் முதுகு நன்றாய்த் தெரியும். "பழமையானது" என்ற ஒரே சீட்டைக் காட்டி ஒரு பண்டத்தை மனிதன் தொண்டைக்குள் இறக்கும் வித்தை எந்தத் தேசத்தில் நடந்தாலும் ஒரே வித்தைதான். அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் கோபதாபமின்றிப் பார்க்க முடியும் என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

இந்தத் தேநீர்களில் பேர்போனது "வாங் லாவ் ஜி" என்பது. சிவப்பு டின்னில் அடைத்து மலேயா, சிங்கப்பூர் வரையில் விற்கப்படுகிறது. அதிலுள்ள மூலிகைகள் ஏழு. ஒன்று, துளசி குடும்பத்தைச் சேர்ந்த மெசோனா என்னும் தழை. அக்கரைத் தமிழர்கள் "சின்சாவ்" என்று சாப்பிடும் கறுப்புக் கட்டி இதிலிருந்து செய்வதுதான். மற்றவை ஈழத்தலரிப் பூ, மைக்ரோகாஸ் என்ற மரத்தின் இலை, செவ்வந்திப் பூ, ஹனிசக்கிள் கொடியின் பூ, ப்ருனெல்லா என்ற செடியின் காய்ந்த கதிர், அதிமதுரம் ஆகியவை. ஆனால் டின்னின் மேல் அச்சிட்டிருக்கும் ஜாபிதாவில் இந்த ஏழுக்கும் முன்னால் நிற்பவை எவை என்றால், தண்ணீரும் சர்க்கரையுமேயாகும். 100 மில்லிக்குச் சுமார் 9 கிராம் வீதம், 310 மில்லி டின் ஒன்றில் சுமார் 28 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 25 கிராம் அளவோடு சர்க்கரையை நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. ஆகவே "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று ஒரு டின் குடித்தவன், அன்றைய சர்க்கரைக் கணக்கை ஒரே மூச்சில் தாண்டிவிட்டான் என்றே அர்த்தம்.

சரி, இது எதற்கு மருந்து? "உடம்பில் நெருப்பு ஏறிவிட்டது" என்று சீனர்கள் சொல்லும் கோளாறுக்கு மருந்தாம். நம்மவர்கள் "சூடு" என்பதற்கு ஏறக்குறைய இது அண்ணன் தம்பி என்னலாம். தொண்டை கட்டினால் நெருப்பு. வாயில் புண் வந்தால் நெருப்பு. முகத்தில் பரு வந்தால் நெருப்பு. மலம் கட்டினால் நெருப்பு. தூக்கம் வராவிட்டால் நெருப்பு. கோபம் வந்தாலும் நெருப்பு! இத்தனைக்கும் ஒரே காரணம் என்றால், அந்தக் காரணத்தை எந்தக் கருவி கொண்டு அளப்பது? தணிந்ததென்று எப்படித் தெரிந்துகொள்வது? குடித்த பின் நோய் போனால் தேநீரின் மகிமை. போகாவிட்டால் நெருப்பு இன்னும் அதிகம், மேலும் இரண்டு கிண்ணம் குடி என்பது பதில். எப்படிக் கேட்டாலும் தோற்காத ஒரு வாதம், உண்மையில் வாதமே அல்ல.

இதைக் குடித்துவந்த கூலியாட்களை நாம் பரிகசிக்கவில்லை. புழுக்கமான தேசத்தில் நாளெல்லாம் மூட்டை சுமந்தவனுக்கு டாக்டர் கிடையாது. கிடைத்தாலும் கொடுக்கக் காசு கிடையாது. கொதிக்கவைத்த நீர் ஒரு கிண்ணம் உள்ளே போனால் தாகம் தீரும். சாதாரண ஜலதோஷம் நாலு நாளில் தானாகவே போகும். அந்தப் பெருமையைக் கஷாயம் வாங்கிக்கொண்டது. குற்றம் குடித்தவனுடையதல்ல, அவன் இல்லாமையை முதலாக வைத்துக் கதை கட்டியவர்களுடையதேயாகும்.

அந்தக் கதைகளையும் பார்ப்போம். 1828-ல் வாங் செபாங் என்பவர் காண்டன் நகரில் கடை வைத்தார் என்பது கம்பெனியார் சொல்லும் சரித்திரம். அவருக்கு இந்தச் செய்முறையை ஒரு சந்நியாசி இரகசியமாய் உபதேசித்தார் என்று ஒரு கதையும் உண்டு. சந்நியாசி வராத மருந்துக் கதை எந்த நாட்டில்தான் இருக்கிறது? 2006-ல் சீன சர்க்கார் குளிர்ச்சித் தேநீரைத் தேசியப் பண்பாட்டுச் சொத்துக்களின் பட்டியலில் சேர்த்தார்கள். பண்பாட்டுச் சொத்து என்பது வேறு, நோய் தீர்க்கும் என்பது வேறு. கூத்தும் பண்பாட்டுச் சொத்துதான்; அதற்காகக் கூத்துப் பார்த்தால் காய்ச்சல் தீரும் என்று யாராவது சொல்லுவார்களா?

பிறகு, இந்தப் பழமை யாருக்குச் சொந்தம் என்று இரண்டு கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2012-ல் பெயர் ஒருவருக்கு என்று மத்தியஸ்தத்தில் தீர்ப்பாயிற்று. சிவப்பு டின் யாருக்கு என்ற சண்டை 2017 வரை நடந்து, இருவரும் உபயோகிக்கலாம் என்று சீன உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அதே 2017 டிசம்பரில் இந்தத் தேநீரை விற்கும் கம்பெனியின் தலைவர், இதைக் குடித்தால் ஆயுள் சுமார் 10 சதவிகிதம் நீளும் என்று ஒரு பெரிய வர்த்தக மாநாட்டில் பேசினார். ஆதாரம் எங்கே என்று பார்த்தால், எலிகளை வைத்துச் செய்த சோதனை! எலிக்குக் கிடைத்ததாகச் சொன்ன ஆயுளை மனிதனுக்கு விற்ற சாமர்த்தியத்தைச் சீன மக்களே பரிகசித்தார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. குவாங்டோங்கில் சில தெருக்கடைகளின் கஷாயத்தை அதிகாரிகள் எடுத்துச் சோதித்தபோது, அதில் பாரசிட்டமால் மாத்திரை கலந்திருப்பது வெளியாயிற்று. விற்றவர்கள் தண்டனையும் அடைந்தார்கள். அதாவது வெளியே பலகையில் முன்னோர் மூலிகை, உள்ளே பானையில் மேல்நாட்டு மாத்திரை! மூலிகையில் விற்பவனுக்கே நம்பிக்கை இல்லாதபோது, வாங்குகிறவன் எதற்காக நம்ப வேண்டும் என்று கேட்கின்றோம்.

நிற்க, "இப்படியெல்லாம் பேசுவது மேல்நாட்டு மோகம், அப்படியானால் முன்னோர்கள் எல்லாம் முட்டாள்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. முதலாவது, சீன வைத்தியத்தை மிகக் கடுமையாய்க் கண்டித்தவர் பெரிய சீன எழுத்தாளரான லூ சுன். அவருடைய தகப்பனார் 1896-ல் இறந்தார். அந்த நோய்க்கு வைத்தியர் கேட்ட சரக்குகளில் ஒன்று ஒரு ஜோடிச் சுவர்க்கோழி. அதுவும் ஆதியிலிருந்தே ஜோடியாய் வாழ்ந்ததாய் இருக்க வேண்டுமாம்! பூச்சிக்குக்கூடக் கற்பு வேண்டுமென்ற அந்த வைத்தியத்தை அவர் 1926-ல் எழுதிய கட்டுரையில் கிழித்தெறிந்தார்.

இரண்டாவது, முன்னோர் அனைவரும் முட்டாள்கள் என்று நாம் சொல்லவில்லை. நாலாம் நூற்றாண்டில் கே ஹோங் என்று ஒரு சீனர் இருந்தார். விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கு "சிங்ஹாவ்" என்ற தழையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி அவர் எழுதிவைத்தார். தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி அதைப் படித்தார். காய்ச்சச் சொல்லாமல் பிழியச் சொன்னது ஏன் என்று யோசித்தார். கொதிக்கவைப்பதால் சத்து கெடுகிறதோ என்று ஈதரைக்கொண்டு குறைந்த சூட்டில் சாரம் இறக்கினார். 1971-ல் அது எலிகளிடமும் குரங்குகளிடமும் மலேரியாவைப் போக்கியது. 1972-ல் அவரும் உடன் வேலை செய்தவர்களும் முதலில் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்த ஆர்ட்டிமிசினின் கணக்கற்ற உயிர்களைக் காத்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதே செடியைத் தேநீராய்க் காய்ச்சி மலேரியாவுக்குக் குடிக்க வேண்டாம் என்று 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஏனெனில், அளவும் தெரியாது, நோயும் முழுதாய்த் தீராது.

ஆனால் அதே கே ஹோங் வேறொரு நூலில், பாதரசம் சேர்ந்த லிங்கத்திலிருந்து சாகாமருந்து செய்யும் வழியையும் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட சாகாமருந்துகளைச் சாப்பிட்டுச் செத்த சக்கரவர்த்திகள் சீனாவில் ஒருவர் இருவரல்ல. தோழர்களே, யோசித்துப் பாருங்கள்! எழுதியவர் ஒருவர், பழமையும் ஒன்றே. ஒன்று உயிரைக் காத்தது. மற்றொன்று உயிரைக் குடித்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியது எது? பழமையா? சோதனை ஒன்றுதான்.

கடைசியாய், "மூலிகைதானே, நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது" என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. இது மிகவும் ஆபத்தான பேச்சு. அதிமதுரத்தை அதிகமாய், பல நாள் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும். உடம்பில் பொட்டாசியம் குறைந்து இருதயமும் தடுமாறும். 1990-க்குப் பின் பெல்ஜியத்தில், உடம்பு இளைக்கச் சீனத்து மூலிகை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. காரணம், பெயர் ஒற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் கலந்துவிட்டதே. அந்த நஞ்சு புற்றுநோயும் உண்டாக்குவது பின்னர் உறுதியாயிற்று. நம் கிராமத்து ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே இனத்துச் செடிகள் என்பதை வாசகர்கள் நன்றாய் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

ஆகவே, குளிர்ச்சித் தேநீரை ருசிக்காகக் குடிப்பவர் குடிக்கட்டும்; நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மருந்து என்று யார் எதை நீட்டினாலும், அவர் எந்த நாட்டாராயினும், நாலு கேள்வி கேளுங்கள். இதில் என்னென்ன சரக்கு, எவ்வளவு இருக்கிறது? எந்த வியாதிக்கு? யாருக்குக் கொடுத்து, கொடுக்காதவரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? யாருக்கு ஆகாது? இந்த நாலுக்கும் பதில் சொல்லாமல், "பாட்டன் குடித்தான்" என்று மட்டும் சொல்லுவாரானால், அந்தப் பாட்டனுக்கு எத்தனை பிள்ளைகள் காய்ச்சலில் செத்தார்கள் என்று அய்ந்தாவது கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.