சமைத்துப் பார்த்தோம்

நமது நாட்டில் சமையல் என்பது ஒரு வேலையாகக் கருதப்படாமல், ஏதோ பிறவியிலேயே பெண்களின் கையில் வந்து ஒட்டிக்கொண்ட ஒரு சங்கதி என்பதாகவே நெடுநாளாய்ப் பேசப்பட்டு வருகின்றது. குழம்பு நன்றாயிருந்தால் "கைமணம்" என்பார்கள். பணியாரம் கருகினால் "கைராசி இல்லை" என்பார்கள். ஊறுகாய் பூத்துப் போனாலோ அதற்கென்று தனியாக ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். அதைப் பின்னால் சொல்லுவோம். சூடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இந்தக் கைராசிப் பேச்சைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று, சென்ற ஆண்டு கோவில்பட்டியில் நமது வீட்டில் மூன்று சமையல் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு நாமே அடுப்பண்டை நின்றோம். ஆண்பிள்ளை கரண்டி பிடிக்கும் அதிசயத்தைக் காணத் தெருவிலிருந்து இரண்டொருவர் வந்து, எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கலியாண வீட்டிலும் ஓட்டலிலும் ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போடுகிறவன் ஆண்பிள்ளைதான் என்பதும், அங்கே அதற்குக் கூலி உண்டு, வீட்டில் கிடையாது என்பதும் அவர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை போலும்!

முதலில் எடுத்தது எஸ். மீனாக்ஷி அம்மாள் 1951-இல் வெளியிட்ட "சமைத்துப் பார்". இளம் வயதிலேயே கணவனை இழந்த அந்த அம்மையார், மூலையில் உட்கார்ந்துவிடாமல் தாம் அறிந்ததை அளவோடு எழுதி அச்சிட்டு விற்றது மெச்சத்தக்க காரியமேயாகும். புத்தகத்தின் பேரே நமக்குப் பிடித்துவிட்டது. "நம்பு" என்று சொல்லவில்லை, "செய்து பார்" என்கிறது. அதில் இருப்பது பிராமண வீட்டுச் சைவச் சமையல். நம் பக்கத்துக் கருவாட்டுக் குழம்புக்கும் கம்பஞ்சோற்றுக்கும் அதில் இடமில்லை. அதற்காக அம்மையாரைக் குறை சொல்ல மாட்டோம். அவர் தம் வீட்டில் ஆக்கியதை எழுதினார். நம் வீடுகளில் ஆக்கியதை நம்மவர் எழுதி வைக்காததற்கு அவர் என்ன செய்வார்? இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். கரிசல் வெஞ்சனங்களுக்கு அப்படி அளவோடு ஒரு புத்தகம் நம் கையில் இல்லை.

அந்தப் பழைய அளவுகள் பலமும் ஆழாக்குமாய் இருந்தன. பலம் என்பது சுமார் 35 கிராம் என்று கணக்குப் போட்டுக்கொண்டோம். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது சரிதான். ஆனால் பட்டணத்துப் படி வேறு, ஊர்ப்படி வேறு அல்லவா? ரசம் அபாரமாய் வந்தது. மைசூர்பாகு கல்லாய்ப் போயிற்று. குற்றம் புத்தகத்தினுடையது அல்ல, நம்முடையதே. கம்பிப் பதத்தில் மாவைப் போட வேண்டியிருக்க, நாம் பாகை அதற்கு மேலும் கொதிக்க விட்டுவிட்டோம். கம்பிப் பதம் என்பது சுமார் 105 டிகிரி சூடு. சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டால் உடைகின்ற பதம் 145 டிகிரிக்கும் மேலே. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற நமது ஊர்க் கடலை மிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சுகிற தொழிலாளியைப் போய்ப் பாருங்கள். அவர் ராசியை நம்பி நிற்பதில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் எடுத்து, உடைத்துப் பார்த்துத்தான் கடலையைக் கொட்டுகிறார்.

இரண்டாவது புத்தகம் சிறுதானியச் சமையல். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, இப்படிப்பட்ட புத்தகங்கள் ஈசல் போலப் புறப்பட்டுவிட்டன. குதிரைவாலிக்கு அரிசிக்கு வைப்பது போலவே தண்ணீர் வைத்துக் குக்கரில் ஏற்றச் சொல்லியிருந்தது. வைத்தோம், பசை வந்தது, சுவரொட்டி ஒட்டலாம். நமது தாயார் பார்த்துவிட்டு, "கொதிக்கிற உலைல போட்டுக் கிண்டி, பொங்கி வந்ததும் தீயைத் தணிச்சு மூடணும்யா. அதுக்கு எதுக்குப் பூட்டுப் போட்ட சட்டி?" என்றார்கள். அப்படியே செய்தோம், பொலபொலவென்று வந்தது. கரிசல் காட்டில் நெல்லுச்சோறு என்பது பண்டிகைக்கு மட்டுமாய் இருந்த நாளில், குதிரைவாலியைக் குத்திப் புடைத்து உமி நீக்கியது யார்? காட்டு வேலையும் செய்து, வீட்டு உரலிலும் குத்திய பெண்கள்தான். தானியத்தின் மகிமையை நாற்பது பக்கம் எழுதியவர் அந்த உலக்கையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இப்போது அந்த வேலையை யந்திரம் செய்கிறது. அதற்கு நாம் சந்தோஷப்படுகிறோமே ஒழிய, பழைய உரலுக்காக ஏங்குகிறவர்களோடு சேர மாட்டோம்.

நிற்க, ஊறுகாய்க்கு வருவோம்.

மூன்றாவது புத்தகத்தைப் பார்த்து, புளியங்குடி எலுமிச்சம்பழமும் விளாத்திகுளம் பக்கத்து வற்றலும் வாங்கி நமது மனைவியார் ஊறுகாய் போட்டார்கள். மூன்று வாரத்தில் மேலே வெள்ளையாய்ப் பூத்துவிட்டது. உடனே நமது தாயார் கேட்ட கேள்வி, "ஏம்மா, வீட்டுக்குத் தூரமா இருந்தப்ப சாடியைத் தொட்டியா?" என்பதுதான். "இல்ல அத்தை" என்று சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. அன்று முழுவதும் நமது மனைவியார் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் மாதிரியே இருந்தார்கள். ஒரு சாடி ஊறுகாய்க்காக ஒரு மனுஷி தன் உடம்பின் இயற்கைக்குச் சாட்சி சொல்லி நிற்க வேண்டியிருக்கின்றது என்றால், இதைச் சில்லறை விஷயம் என்று எப்படித் தள்ளிவிட முடியும்?

புத்தகத்தை மறுபடி புரட்டினோம். "உப்பு ருசிக்கேற்ப" என்று போட்டிருந்தது. ஊறுகாயில் உப்பு ருசிக்காகவா போடுகிறது? அது காவலுக்குப் போடுகிறது. பூஞ்சணத்தின் வித்துக்கள் காற்றில் எங்கும் இருக்கின்றன. ஈரமும் காற்றும் கிடைத்தால் வளரும், உப்பு மிகுந்து எண்ணெய் மேலே மூடி நின்றால் வளர வழியில்லை. சாடியைக் கழுவி, சரியாய்க் காயாமலே பழத்தைப் போட்டதும் விசாரித்ததில் வெளிவந்தது. கழுவி வைத்தது வேறு யாருமல்ல, நாமேதான்!

பிறகு ஒரு பரீட்சை வைத்தோம். ஒரே பழம், ஒரே நிறுவை உப்பு, ஒரே நல்லெண்ணெய், வெயிலில் காய்ந்த ஒரே மாதிரிச் சாடிகள் இரண்டு. ஒன்றை நமது தாயார் குளித்து முழுகிப் போட்டார்கள். மற்றொன்றை நமது மனைவியார், மாதவிலக்கின் இரண்டாம் நாளில் போட்டு, அடுத்த மாதமும் அதே நாட்களில் வேண்டுமென்றே கிளறிவிட்டார்கள். மூன்றாவதாகச் சிறு குப்பி ஒன்றில் அதே ஊறுகாயை எண்ணெய் இல்லாமல் நாம் ஈரக்கையால் அள்ளி வைத்தோம். நான்கு மாதம் கழித்துச் சாடிகள் இரண்டும் நன்றாயிருந்தன. நம்முடைய சுத்தமான ஆண்பிள்ளைக் கை பட்ட குப்பியோ ஒரு மாதத்திற்குள்ளாகவே பூத்துவிட்டது. ஒரு வீட்டுப் பரீட்சையைக் கொண்டு உலகத்துக்குச் சட்டம் சொல்ல நாம் வரவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் தங்கள் வீட்டிலும் இரண்டு சாடி வைத்துப் பார்க்கட்டும், செலவு ஒன்றும் அதிகமில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பரீட்சையில் ஜெயித்த மகிழ்ச்சியில் நாம் நிற்க, நமது மனைவியார், "சாடிக்கு விடுதலை குடுத்திட்டீங்க, சந்தோசம். மாசத்துல அந்த மூணு நாளுதான் எனக்கு அடுப்படி லீவு. இனி அதுவும் போச்சா?" என்று கேட்டார்கள். இதற்கு எந்தப் புத்தகத்திலும் நமக்குப் பதில் கிடைக்கவில்லை. தீட்டு என்று ஒதுக்கி வைத்ததிலே தற்செயலாய்க் கிடைத்த ஓய்வை, தீட்டோடு சேர்த்து நாம் பிடுங்கிக்கொண்டால் அது யாருக்கு லாபம்? அதனால் அந்த மூன்று நாளும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், நமது வீட்டில் உலை வைப்பது இப்போது நாம்தான். மைசூர்பாகு மறுபடியும் ஒரு தரம் கல்லாயிற்று, குழம்பு தேறிவிட்டது.

தாயாரோ தாம் போட்ட சாடியிலிருந்து மட்டுமே எடுத்துக்கொண்டு வந்தார்கள். அது போன மாதம் தீர்ந்துபோயிற்று. இரண்டு நாள் வெறுங்கஞ்சி குடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மருமகளின் சாடியைத் தாமே திறந்து ஒரு துண்டு எடுத்துக் கடித்துக்கொண்டார்கள். "உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றார்கள்.