அம்மாவின் கேசட்டும் புது ஸ்பீக்கரும்



இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்கினேன். ஷ்வேப்யிதாவில் எங்கள் தகரக் கூரை அறையில், அம்மா பேசிய பழைய கேசட்டைப் போட்டால் இரைச்சல்தான் முன்னுக்கு வந்தது! மானிட்டர் அப்படித்தான், இனிமை கூட்டாது, பதிவின் குறையைக் காட்டும். 1978இல் வீட்டுக்கென்று வந்த யமஹா என்எஸ்-10ஐ ஸ்டுடியோக்காரர்கள் எடுத்துக்கொண்டதும் அதற்காகத்தான். பாட்டு கேட்க மட்டுமென்றால் சாதாரணப் பெட்டியே போதும்.

வாங்கினால் ஐந்து அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சின்ன அறையில் எட்டு அங்குலம் கும்மென்று அடிக்கும். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். மூலையில் வைக்காதீர்கள். சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, மேலே உள்ள ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் உட்காருங்கள். கரண்ட் ஏறி இறங்கும் நம் பக்கம் ஸ்டெபிலைசர் கட்டாயம்.

விற்றுவிடச் சொல்கிறாள் மனைவி. அந்த இரைச்சலுக்குள் அம்மா மூச்சு வாங்குவது கேட்கிறது. பழைய பெட்டியில் அது கேட்டதே இல்லை.